கர்ல் கொண்டு 38 மாவட்டக் கட்டுரைகளை இறக்கிய பதிவு

தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் உள்ள கட்டுரைகளை வெறும் உரைக் கோப்புகளாக எடுத்து, இணைய இணைப்பு இல்லாத ஒரு படிப்பகக் கணினியில் வைக்க வேண்டியிருந்தது. உலாவியில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, நகலெடுத்து ஒட்டினாலும் வேலை முடிந்துவிடும். ஆனால் இந்தக் கட்டுரைகள் தொடர்ந்து திருத்தப்படுபவை என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை அதே வேலையைத் திரும்பவும் செய்ய நேரிடும். எனவே, வேண்டும்போதெல்லாம் ஓட்டக்கூடிய சிறு ஷெல் ஸ்கிரிப்ட்டாக (முனையக் கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பாக) இதை எழுதிவிடுவது என்று முடிவு செய்து, சர்வரிடம் கேட்டு வாங்கும் பகுதியை, இணைய முகவரிகளிலிருந்து தரவை எடுக்கும் கட்டளைவரிக் கருவியான கர்லிடம் விட்டேன். பைத்தானில் எழுதியிருக்கலாமே என்று கேட்டால், எழுதியிருக்கலாம்தான். ஆயினும், சர்வருக்கு என்ன போகிறது, அங்கிருந்து என்ன வருகிறது என்பதை ஒளிக்காமல் காட்டும் கருவியில் ஒரு முறையேனும் இத்தகைய வேலையைச் செய்து பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

கர்ல் தோன்றியதும் இதைப் போன்ற ஒரு சிறு தேவையிலிருந்துதான். ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க், அரட்டை அறை ஒன்றில் இயங்கிய தானியங்கிக்காக நாணய மாற்று விகிதங்களை இணையத்திலிருந்து எடுக்க விரும்பினார். 1996இல் பிரேசில்காரரான ரஃபேல் சகுலா எழுதியிருந்த ‘எச்டிடிபிகெட்’ என்னும் சிறு நிரலைக் கையிலெடுத்து அவர் வளர்த்ததே, பெயர் மாறி மாறி, 1998 மார்ச் 20 அன்று கர்ல் என்ற பெயரில் வெளிவந்தது. அப்போதே அதன் பதிப்பு எண் 4.0, பழைய பெயர்களில் வந்த பதிப்புகளின் எண்ணிக்கையை அவர் கைவிடவில்லை.

பெரும்பாலான லினக்ஸ் கணினிகளிலும் மேக் கணினிகளிலும் கர்ல் முன்பே இருக்கும். விண்டோஸ் 10இலும் 1803 பதிப்பு முதல் உடன் வருகிறது. ஆனால் விண்டோஸோடு வரும் பழைய பவர்ஷெல்லில் ‘கர்ல்’ என்று தட்டச்சிட்டால், அதே பெயரில் மறைந்திருக்கும் வேறொரு கட்டளை இயங்கும், அங்கே ‘.இஎக்ஸ்இ’ என்ற பின்னொட்டையும் சேர்த்து எழுத வேண்டும். எதையும் தொடங்குமுன் ‘--வெர்ஷன்’ விருப்பத்தால் பதிப்பைப் பார்த்துக்கொள்வது பயனுள்ளது. எடுத்துக்காட்டாக, உபுண்டு 22.04இல் உள்ளது 7.81.0, அதற்குப் பின் வந்த சில வசதிகள் அதில் இருக்காது. இந்தப் பதிவில் கட்டளைகளையும் விருப்பங்களையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன்; முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சிட வேண்டும். ஓரெழுத்து விருப்பங்களில் சிறிய எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் பொருள் வேறு என்பதால், பெரிய எழுத்து வரும் இடங்களில் அதைக் குறிப்பிடுகிறேன்.

முதல் கோரிக்கை

முதலில் எந்த அலங்காரமும் இல்லாமல், தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரியை ‘எச்டிடிபி’ என்ற பழைய முன்னொட்டுடன், ‘-வி’ விருப்பத்தையும் சேர்த்து அனுப்பிப் பார்த்தேன். இந்த விருப்பம் கொடுத்தால் கர்ல் செய்வது ஒவ்வொன்றையும் திரையில் சொல்லும். நட்சத்திரக் குறியுடன் தொடங்கும் வரிகள் அதன் சொந்தக் குறிப்புகள். வலப்புறம் நோக்கிய அம்புக்குறி கொண்டவை நாம் அனுப்பிய ஹெடர்கள், அதாவது கோரிக்கையோடு செல்லும் விவர வரிகள். இடப்புறம் நோக்கியவை சர்வர் திருப்பியனுப்பியவை. வந்த பதிலின் நிலை எண் 301. அதோடு ‘லொக்கேஷன்’ என்ற ஹெடரில், ‘எச்டிடிபிஎஸ்’ முன்னொட்டு கொண்ட முகவரி இருந்தது. உலாவி இந்தத் திசைமாற்றத்தை நமக்குத் தெரியாமலே பின்தொடர்ந்துவிடும். கர்ல் அப்படிச் செய்யாது. பின்தொடர வேண்டுமானால் பெரிய எழுத்து ‘-எல்’ கொடுக்க வேண்டும். எனக்கு இந்த இயல்பு பிடிக்கும். முகவரி மாறியிருப்பது தெரிந்தால் ஸ்கிரிப்ட்டிலேயே சரியான முகவரியை எழுதிவிடலாம். தெரியாவிட்டால் ஒவ்வொரு முறையும் தேவையற்ற ஒரு நடை கூடுதலாகப் போகும்.

ஹெடர்கள் மட்டும் போதும் என்றால் பெரிய எழுத்து ‘-ஐ’ இருக்கிறது. அது ‘ஹெட்’ என்ற வேறு வகைக் கோரிக்கையை அனுப்புவதால், சில சர்வர்கள் வழக்கமான கோரிக்கைக்குத் தரும் பதிலிலிருந்து மாறுபட்ட பதிலைத் தருவதுண்டு. உண்மையான பதிலின் ஹெடர்களே வேண்டும் என்றால், பெரிய எழுத்து ‘-டி’ கொடுத்து அவற்றை ஒரு கோப்பில் எழுதவைத்து, உள்ளடக்கமான உடலை ‘-ஓ’ வழியாக வேறு கோப்புக்கு அனுப்புவதே நம்பகமான வழி.

முகவரியில் தமிழ்

இந்த வேலையில் அதிகம் யோசிக்கவைத்தது தமிழ் எழுத்துகளை முகவரிக்குள் கொண்டுசெல்வதுதான். ‘தஞ்சாவூர்’ என்ற சொல் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. ஒருங்குறியில் அது உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டு ஒன்பது குறியெண்களாகிறது. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டு இடத்தைப் பிடிப்பதால் அது 27 பைட்டுகளாகிறது. முகவரியில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் மட்டுமே நேரடியாக வரலாம் என்பதால், ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு பதினாறடிமான இலக்கங்களுமாக எழுதப்பட்டு, இறுதியில் 81 எழுத்துகள் கொண்ட நீண்ட தொடராகிறது. உலாவியின் முகவரிப் பட்டையில் அழகாகத் தமிழ் தெரிகிறதே என்றால், அது உலாவி நமக்காகப் போடும் வேடம். உள்ளே போவது இந்த 81 எழுத்துகள்தான்.

தமிழை அப்படியே முகவரியில் எழுதிக் கர்லிடம் கொடுத்தால், அது பைட்டுகளை மாற்றாமல் அனுப்பிவிடும். சர்வர் அதை ஏற்பதும் மறுப்பதும் அதன் விருப்பம். நடுவில் ஓர் இடைவெளி இருந்தால் இப்போதைய பதிப்புகள் 3 என்ற பிழை எண்ணோடு கோரிக்கையை அனுப்பவே மறுக்கின்றன. இதைவிடத் தொல்லை தருவது ஷெல். முகவரியை மேற்கோள் குறிக்குள் வைக்காவிட்டால், அளவுருக்களை (முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் ‘பெயர்=மதிப்பு’ இணைகளை) பிரிக்கும் ‘உம்’ குறியை (&) ஷெல் கண்டதும், அதற்கு முன்னுள்ள பகுதியை மட்டும் பின்னணியில் ஓட்டிவிட்டு, மீதியைத் தனிக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். தலைப்புகளைப் பிரிக்க விக்கிப்பீடியா பயன்படுத்தும் நெடுங்கோட்டை (|) ஷெல், ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் குழாயாக எடுத்துக்கொள்ளும். இவை போதாதென்று, சதுர அடைப்புகளையும் நெளிவு அடைப்புகளையும் கர்ல் தானே விரித்துப் பல முகவரிகளாக்கும். அவை உண்மையிலேயே முகவரியின் பகுதியாக இருந்தால் ‘-ஜி’ கொடுத்து அந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும்.

இத்தனைக்கும் ஒரே தீர்வாக அமைவது, முகவரியில் எதையும் ஒட்டாமல், ஒவ்வோர் அளவுருவையும் தனித்தனியாக ‘--டேட்டா-யுஆர்எல்என்கோட்’ விருப்பத்தோடு கொடுப்பது. ‘டைட்டில்ஸ்=தஞ்சாவூர் மாவட்டம்’ என்று இயல்பான தமிழில் எழுதினால் போதும்; சமக்குறிக்குப் பின் உள்ளதைக் கர்லே குறியாக்கம் செய்துகொள்ளும். இந்த விருப்பம் இயல்பாக, அளவுருக்களைக் கோரிக்கையின் உடலில் அனுப்பும் ‘போஸ்ட்’ வகைக் கோரிக்கையை உண்டாக்கும் என்பதால், ‘கெட்’ வகையாக அனுப்ப வேண்டும் என்றால் பெரிய எழுத்து ‘-ஜி’யைச் சேர்க்க வேண்டும். அப்போது எல்லா அளவுருக்களும் கேள்விக்குறிக்குப் பின் முகவரியோடு சேர்க்கப்படும். இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகள் பலவற்றில் பெரிய எழுத்து ‘-எக்ஸ்’ கொடுத்துக் கோரிக்கை வகையை வலிந்து எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் அது வேண்டாத சுமை. திசைமாற்றத்தைப் பின்தொடரும்போது அடுத்த கோரிக்கையின் வகையையும் அது பிடிவாதமாக மாற்றவிடாது என்பதால், சில நேரங்களில் கேடும் விளைவிக்கும்.

கோப்புப் பெயரிலும் இதே சிக்கல் மறுபடி தலைகாட்டுகிறது. பெரிய எழுத்து ‘-ஓ’ கொடுத்தால் முகவரியின் கடைசிப் பகுதியே கோப்பின் பெயராகும். ஆனால் விழுக்காட்டுக் குறியாக்கத்தைக் கர்ல் அவிழ்க்காது என்பதால், கோப்பும் அந்த நீண்ட தொடரையே பெயராகத் தாங்கும். லினக்ஸின் வழக்கமான கோப்பமைப்புகளில் ஒரு பெயரின் உச்ச நீளம் 255 பைட்டு. ஒரு தமிழ்க் குறியெண்ணுக்கு ஒன்பது எழுத்து என்று கணக்கிட்டால், 28 குறியெண்களைத் தாண்டும் எந்தத் தலைப்பும் அதில் அடங்காது. ‘தஞ்சாவூர்ப் பெருவுடையார் கோயில்’ என்ற பெயரே 29 குறியெண்கள் கொண்டது. அதைச் சேமிக்க முயன்றால், எழுத முடியவில்லை என்பதைக் குறிக்கும் 23ஆம் பிழை எண் வரும். சிறிய ‘-ஓ’ கொடுத்து நாமே தமிழில் பெயரிட்டால் ஒரு குறியெண்ணுக்கு மூன்று பைட்டுதான் செலவாகும். கோப்பின் பெயர் தமிழில் இருக்கலாம், ஆனால் பாஷ் ஷெல்லில் மாறியின் பெயர் தமிழில் இருக்க முடியாது என்பது எப்போதும் எனக்குச் சிறு மனக்குறை.

யார் கேட்கிறார்கள் என்று சொல்லுதல்

எதுவும் சொல்லாவிட்டால் கர்ல் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் மட்டும் ‘யூசர்-ஏஜென்ட்’ ஹெடரில் அனுப்பும். விக்கிமீடியா அறக்கட்டளையின் கொள்கை இதைப் போதுமானதாகக் கருதுவதில்லை. தானியங்கியாக வரும் கோரிக்கைகள் தங்கள் கருவியின் பெயரையும், சிக்கல் வந்தால் தொடர்புகொள்ளத்தக்க முகவரியையும் அதில் குறிப்பிட வேண்டும் என்கிறது; பொதுவான பெயர்களோடு வருபவை கட்டுப்படுத்தப்படலாம், அல்லது தடுக்கப்படலாம். உலாவியின் பெயரைப் போலியாக இட்டு உள்ளே நுழையும் உத்தியைப் பலர் பரிந்துரைப்பார்கள். இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் வீட்டில் முகமூடியோடு நுழைவதில் என்ன பெருமை இருக்கிறது என்று எனக்கு விளங்குவதில்லை. பெரிய எழுத்து ‘-ஏ’ விருப்பத்தில் ஸ்கிரிப்ட்டின் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் எழுதினேன்.

அதே அறக்கட்டளையின் இன்னொரு வேண்டுகோள், கோரிக்கைகளை ஒரே நேரத்தில் பலவாக அனுப்பாமல், ஒன்றன் பதில் வந்தபின் அடுத்ததை அனுப்புவது. கர்லில் 7.66.0 பதிப்பு முதல் பெரிய எழுத்து ‘-இசட்’ வழியாக இணையாகப் பதிவிறக்கும் வசதி உண்டு. இங்கே அதைத் தொடவில்லை. கூடவே, ‘மேக்ஸ்லேக்=5’ என்ற அளவுருவையும் எல்லாக் கோரிக்கைகளிலும் சேர்த்தேன். தரவுத்தளத்தின் படிகள் ஐந்து நொடிக்கு மேல் பின்தங்கியிருந்தால், இப்போது வேண்டாம், பிறகு வா என்று சர்வர் சொல்லிவிட இது இடம் தருகிறது. யாரும் திரைமுன் காத்திராத இத்தகைய வேலைகளுக்கு இதுவே பொருத்தம்.

இந்தப் பொதுவான விருப்பங்களை ஒவ்வொரு கட்டளையிலும் திரும்ப எழுதுவதைத் தவிர்க்க, அவற்றைத் தனிக் கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதிப் பெரிய எழுத்து ‘-கே’ வழியாகக் கொடுக்கலாம். பயனர் அடைவில் ‘.கர்ல்ஆர்சி’ என்ற கோப்பு இருந்தால் கர்ல் அதைத் தானாகவே படித்துக்கொள்ளும் என்றாலும், ஸ்கிரிப்ட்டுக்கு வேண்டியவற்றை அங்கே வைப்பதில்லை. வேறு கணினிக்குப் போகும்போது அந்தக் கோப்பை மறந்துவிட்டு ஸ்கிரிப்ட் மட்டும் போகும். என் விருப்பக் கோப்பில் இடம்பெற்றவற்றுள் இரண்டு நேர வரம்புகள் முக்கியமானவை. இணைப்பு ஏற்படுவதற்குக் கர்ல் தானாகக் காத்திருக்கும் காலம் 300 நொடி. இணைப்பு ஏற்பட்டபின் மொத்த வேலைக்கு வரம்பே கிடையாது. ஆகவே ‘--கனெக்ட்-டைம்அவுட்’ 10 நொடி என்றும், ‘--மேக்ஸ்-டைம்’ 60 நொடி என்றும் வைத்தேன். வரம்பு மீறினால் 28ஆம் பிழை எண்ணோடு அது நின்றுவிடும்.

பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்தல்

38 தலைப்புகளும் உண்மையில் அங்கே உள்ளனவா என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியின் ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்டு வாங்குவதற்கான வாயில்), சாதாரணப் பயனருக்கு ஒரே கோரிக்கையில் 50 தலைப்புகள் வரை அனுமதிக்கிறது. நெடுங்கோட்டால் பிரித்து எழுதினால் போதும். ஆனால் ‘தஞ்சாவூர் மாவட்டம்’ ஒன்றே குறியாக்கத்துக்குப்பின் 150 எழுத்துகளைத் தாண்டும்போது, 38ஐயும் சேர்த்தால் முகவரி சுமார் ஆறாயிரம் எழுத்து நீளமாகிறது. பெரும்பாலான சர்வர்கள் இதைத் தாங்கும் என்றாலும், வரம்புக்கு அருகில் போவானேன் என்று, பெரிய எழுத்து ‘-ஜி’யை மட்டும் நீக்கினேன். அவ்வளவில் அது ‘போஸ்ட்’ வகையாகி, தலைப்புகள் முகவரியிலிருந்து கோரிக்கையின் உடலுக்கு நகர்ந்துவிடுகின்றன. தலைப்புகள் ஒரு கோப்பில் இருந்தால், சமக்குறிக்குப் பதில் ‘அட்’ குறியிட்டுக் கோப்பின் பெயரைக் கொடுக்கலாம். அப்போது கோப்பின் இறுதியிலுள்ள வரிமுறிவும் குறியாக்கப்பட்டுக் கடைசித் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். முன்கூட்டியே அதை நீக்கிவிட வேண்டும். விண்டோஸில் தயாரான பட்டியலாக இருந்தால் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குறி இருக்கும். அதையும் நீக்க வேண்டும்.

‘ரீடைரக்ட்ஸ்’ என்ற அளவுருவையும் சேர்த்தால், தலைப்பு ஒரு வழிமாற்றாக இருந்தால் அது எந்தக் கட்டுரைக்குப் போகிறது என்பதையும் பதில் சொல்லும். ஏபிஐயின் இத்தகைய ஆம்–இல்லை அளவுருக்களில் ஒரு பொறி உண்டு: பெயர் இருந்தாலே ‘ஆம்’ என்றுதான் பொருள். பூச்சியம் என்று மதிப்பிட்டாலும் அது ‘ஆம்’ ஆகிவிடும். வேண்டாம் என்றால் அளவுருவையே விட்டுவிட வேண்டும்.

இந்தச் சரிபார்ப்பில்தான் பட்டியலின் உண்மையான குறை தெரிந்தது. ‘புதுக்கோட்டை’, ‘ஈரோடு’ போன்ற சில பெயர்களுக்குச் சர்வரின் பதிலில் ஓர் எச்சரிக்கை இருந்தது: கொடுக்கப்பட்ட உரை ஒருங்குறியின் சீர்மை வடிவத்தில் இல்லை என்று. ‘கோ’ என்பதை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகச் சேர்ப்பது ஒன்று. இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியெண்களாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பட்டியலின் ஒரு பகுதி, பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட ஆவணம் ஒன்றிலிருந்து மாற்றப்பட்டது; அதில் இரண்டாம் வடிவம் இருந்தது. மீடியாவிக்கி அதைத் தானே முதல் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு கட்டுரையைக் கண்டுபிடித்துவிடுகிறது. எனினும், பதிலில் வரும் தலைப்பை என் பட்டியலில் உள்ள தலைப்போடு ஒப்பிடும் ஸ்கிரிப்ட்டுக்கு அவை இரண்டும் வேறு வேறு சொற்கள். ‘யூகான்வ்’ என்ற கருவியால் பட்டியல் முழுவதையும் சீர்மை வடிவத்துக்கு ஒரே முறையில் மாற்றிவைத்த பிறகு எச்சரிக்கை மறைந்தது. ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தட்டச்சிடும் வழக்கத்தை மட்டும் எந்தச் சீர்மையும் திருத்தாது. நல்லவேளையாக மாவட்டப் பெயர்களில் அதற்கு இடமில்லை.

உரையை எடுத்தல்

கட்டுரையின் உரையை மட்டும் தருவதற்கு ‘எக்ஸ்ட்ராக்ட்ஸ்’ என்ற பண்பு இருக்கிறது. ‘எக்ஸ்பிளெயின்டெக்ஸ்ட்’ என்ற அளவுருவோடு சேர்த்துக் கேட்டால், குறிகள் நீங்கிய வெறும் உரை கிடைக்கும். முன்னுரைப் பகுதி மட்டும் வேண்டுமானால் ஒரே கோரிக்கையில் 20 கட்டுரைகள் வரை கேட்கலாம்; முழுக் கட்டுரை என்றால் ஒன்றுதான். ஆகவே இந்தக் கட்டத்தில் 38 தனித்தனிக் கோரிக்கைகள் தவிர்க்க முடியாதவை.

பதிலின் வடிவத்தைத் தீர்மானிக்கும் ‘ஃபார்மேட்வெர்ஷன்=2’ என்பதை விட்டுவிட்டால், ஜேசன் என்னும் தரவு வடிவில் வரும் பதிலில் ஒரு தமிழ் எழுத்தும் கண்ணில் படாது. ஒவ்வொரு குறியெண்ணும் பின்சாய்வுக்கோடு, ‘யு’, நான்கு இலக்கங்கள் என்று ஆறு எழுத்துகளாக வரும். 2 என்று கேட்டால் நேரடியாக யுடிஎஃப்-8இல் மூன்று பைட்டுகளாக வரும். அளவும் ஏறக்குறையப் பாதியாகும், திரையிலும் படிக்க முடியும். அதன்மேல் ‘--கம்ப்ரெஸ்டு’ கொடுத்தால், சுருக்கிய வடிவில் அனுப்புமாறு சர்வரிடம் கேட்டு, வந்ததைக் கர்லே விரித்துக் கொடுக்கும். தமிழ் உரை மிக நன்றாகச் சுருங்கும். மூன்று பைட்டுகளில் முதலாவது எல்லா எழுத்துக்கும் ஒன்றே. இரண்டாவது இரண்டே மதிப்புகளில் ஒன்று. உண்மையான செய்தி பெரும்பாலும் மூன்றாவது பைட்டில்தான் இருக்கிறது.

இனி, கோரிக்கை வெற்றி பெற்றதா என்பதை எப்படி அறிவது? இதற்கு ஒரே இடத்தில் விடை இல்லை என்பதே இந்த வேலையின் மையமான பாடம். முதல் அடுக்கு, கர்ல் முடியும்போது ஷெல்லிடம் விட்டுச்செல்லும் ஓர் எண். முகவரியின் பெயரைக் கண்டறிய முடியாவிட்டால் 6, இணைக்க முடியாவிட்டால் 7, சர்வரின் சான்றிதழை நம்ப முடியாவிட்டால் 60 என்று அது வேறுபடும். ஆனால் சர்வர் 404 என்றோ 500 என்றோ பதில் அனுப்பினால், பதில் ஒழுங்காக வந்துசேர்ந்தது என்ற அளவில் கர்லுக்கு அது வெற்றியே, எண் பூச்சியம்தான். சர்வரின் பிழை நிலைகளையும் தோல்வியாகக் கருத வேண்டும் என்றால் ‘-எஃப்’ கொடுக்க வேண்டும். அப்போது 22 என்ற எண் வரும். இது இரண்டாம் அடுக்கு.

மூன்றாவது அடுக்குதான் பலருக்கும் தெரியாமல் போவது. இல்லாத தலைப்பைக் கேட்டால் மீடியாவிக்கி ஏபிஐ 404 தருவதில்லை. 200 என்ற வெற்றி நிலையோடு, ‘மிஸ்ஸிங்’ என்று குறித்த ஜேசனை அனுப்புகிறது. தவறான அளவுரு கொடுத்தாலும் அப்படியே, ‘எரர்’ என்ற பகுதி உள்ளே இருக்கும். முன்பு சொன்ன ‘மேக்ஸ்லேக்’ மறுப்பும் ஏபிஐயில் 200 நிலையோடுதான் வருகிறது. கர்லின் ‘--ரீட்ரை’ விருப்பம் 408, 429, 500, 502, 503, 504 ஆகிய நிலைகளையும் நேர வரம்பு மீறலையும் கண்டால் தானே மறுபடி முயலும், முதலில் ஒரு நொடி, பிறகு இரண்டு, நான்கு என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போகும், 7.66.0 பதிப்பு முதல், எவ்வளவு நேரம் கழித்து வர வேண்டும் என்று சர்வர் ‘ரீட்ரை-ஆஃப்டர்’ ஹெடரில் சொன்னால் அதையும் மதிக்கும். இத்தனை அக்கறையும் நிலை எண்ணைப் பார்த்து எழுவது என்பதால், 200 என்ற உறைக்குள் வரும் மறுப்பு அதன் கண்ணில் படுவதில்லை. அதை ஸ்கிரிப்ட்தான் திறந்து பார்க்க வேண்டும்.

ஜேசனைத் திறப்பதற்கு ‘ஜேக்யூ’ கருவியைப் பயன்படுத்தினேன். அதன் ‘-இ’ விருப்பம், கேட்ட பகுதி இல்லாவிட்டால் தானும் தோல்வி எண்ணோடு முடிவதால், ஷெல்லில் அடுக்கடுக்காகச் சோதிப்பது எளிதாகிறது. சுழற்சியின் ஒவ்வொரு சுற்றும் இப்படி அமைந்தது: ஒரு தலைப்பை எடுத்துக் கர்லிடம் கொடுப்பது, பதிலைத் தற்காலிகக் கோப்பில் எழுதுவது, கர்லின் எண் பூச்சியமா என்று பார்ப்பது, ‘எரர்’ பகுதி இருந்தால் அது ‘மேக்ஸ்லேக்’ தானா என்று பார்த்துச் சில நொடி காத்திருந்து மீண்டும் கேட்பது, வேறு பிழையாக இருந்தால் பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போவது, உரை கிடைத்தால் மட்டும் தற்காலிகக் கோப்பைப் பழைய கோப்பின் இடத்துக்கு நகர்த்துவது. கடைசிப் படி இல்லாவிட்டால், பாதியில் அறுந்த ஒரு பதிவிறக்கம் முன்பு நன்றாக இருந்த கோப்பை அழித்துவிடும். சுழற்சிக்குள் ‘-எஸ்’ என்பதைச் சிறிய எழுத்திலும் பெரிய எழுத்திலும் சேர்த்துக் கொடுத்தேன். முதலாவது முன்னேற்றப் பட்டையை மறைக்கும், இரண்டாவது பிழைச் செய்தியை மட்டும் மறைக்காமல் வைக்கும்.

சுற்றுக்குச் சுற்று ஒரு நொடி இடைவெளி விட ‘ஸ்லீப்’ கட்டளையே போதுமானது. 7.84.0இல் வந்த ‘--ரேட்’ விருப்பம், ஒரே கர்ல் கட்டளைக்குள் பல முகவரிகள் இருக்கும்போதுதான் வேலை செய்யும், உபுண்டு 22.04இல் அதுவும் கிடையாது. ஒரே கட்டளையில் 38ஐயும் கொடுத்திருந்தால், ஒருமுறை ஏற்பட்ட இணைப்பையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தியிருக்கலாம் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு பதிலையும் உடனுக்குடன் சோதித்து முடிவெடுக்கும் வசதிக்காக, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கைகுலுக்கும், அதாவது இணைப்பை ஏற்படுத்தும், செலவை ஏற்றுக்கொண்டேன்.

அந்தச் செலவு எவ்வளவு என்று பார்க்க ‘-டபிள்யூ’ விருப்பம் உதவுகிறது. பெயரைக் கண்டறிந்த நேரம், இணைத்த நேரம், குறியாக்கக் கைகுலுக்கல் முடிந்த நேரம், முதல் பைட்டு வந்த நேரம், மொத்த நேரம் ஆகியவற்றை அது அச்சிடும். இவை எல்லாமே தொடக்கத்திலிருந்து கணக்கிட்டவை. ஒரு கட்டம் எடுத்த நேரத்தை அறிய முந்தையதைக் கழித்துப் பார்க்க வேண்டும். சாதாரணக் கட்டுரைப் பக்கத்தைக் கேட்கும்போது முதல் பைட்டு விரைவாகவும், ஏபிஐயைக் கேட்கும்போது தாமதமாகவும் வந்தது. கட்டுரைப் பக்கத்தின் ‘எக்ஸ்-கேச்’ ஹெடரில் இருந்த சர்வரின் பெயர் ‘சிபி5’ என்று தொடங்கியது. அது விக்கிமீடியாவின் சிங்கப்பூர் மையத்தைச் சேர்ந்தது. அங்கே சேமித்து வைத்த படியே பக்கமாக வந்துவிடுகிறது. ஏபிஐ பதில்கள் இயல்பாகப் பொதுச் சேமிப்பில் வைக்கப்படுவதில்லை என்பதால், கேள்வி அமெரிக்காவில் உள்ள முதன்மை மையம்வரை போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. 38 கட்டுரைகளுக்கு இது பொருட்டல்ல. ஆயிரக்கணக்கில் எடுப்பவர்கள் இப்படிக் கேட்டு எடுப்பதை விட்டுவிட்டு, விக்கிமீடியா வெளியிடும் முழுத் தரவுக் கோப்புகளை இறக்கிக்கொள்வதே முறை.

கிடைத்த உரையைப் பற்றியும் ஒரு சொல். வெறும் உரையாக்கும்போது தகவற்பெட்டியும் அட்டவணைகளும் மேற்கோள்களும் நீங்கிவிடுகின்றன. மாவட்டக் கட்டுரைகளில் வட்டங்கள், மக்கள்தொகை போன்றவை பெரும்பாலும் அட்டவணையில்தான் இருக்கும். பகுதித் தலைப்பு மட்டும் நின்று, அதன்கீழ் ஒன்றுமே இல்லாத இடங்கள் இதனால் உண்டாயின. படிப்பகத்தில் வாசிப்பதற்கு வரலாறும் நிலவியலும் போதும் என்று இப்போதைக்கு அதை விட்டுவிட்டேன். அட்டவணைகளும் வேண்டும் என்பவர்கள் ‘ஆக்‌ஷன்=பார்ஸ்’ வழியாக முழு எச்டிஎம்எல்லை எடுத்துத் தாங்களே பிரிக்க வேண்டியிருக்கும்; அது இதைவிடப் பல மடங்கு வேலை.

மறு ஓட்டம்

அடுத்த முறை ஓட்டும்போது மாறாத கட்டுரைகளை மறுபடி இறக்கத் தேவையில்லை. நிலையான கோப்புகளுக்குக் கர்லின் ‘-இசட்’ அல்லது ‘--ஈடேக்-கம்பேர்’ இதற்குப் பயன்படும். ஏபிஐக்கு வேறு வழி இருக்கிறது: ‘ப்ராப்=இன்ஃபோ’ என்று கேட்டால், ஒவ்வொரு கட்டுரையின் கடைசித் திருத்த எண் கிடைக்கும். பெயர்களைச் சரிபார்க்க அனுப்பிய அந்த ஒரே ‘போஸ்ட்’ கோரிக்கையிலேயே இதையும் சேர்த்துவிட்டதால், 38 எண்களும் ஒரே பதிலில் வந்துவிடுகின்றன. அவற்றை முன்பு சேமித்த எண்களோடு ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் சுழற்சிக்குள் அனுப்புகிறது இப்போதைய ஸ்கிரிப்ட்.

திருத்த எண்ணைச் சேமித்ததில் இன்னொரு பயனும் உண்டு. விக்கிப்பீடியாவின் உரை கிரியேட்டிவ் காமன்ஸ் பெயரிடல்–அதேபோல் பகிர்தல் 4.0 உரிமத்தின்கீழ் கிடைப்பது. எடுத்துப் பயன்படுத்துவோர் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். எனவே ஒவ்வொரு கோப்பின் தலையிலும் கட்டுரையின் தலைப்பு, உரிமத்தின் பெயர், திருத்த எண் சேர்ந்த நிலையான முகவரி ஆகிய மூன்றையும் ஸ்கிரிப்ட்டே எழுதிவிடுகிறது. அந்த முகவரியைப் பின்னர் இணைய வசதியுள்ள கணினியில் திறந்தால், நாம் எடுத்த அதே நிலையில் கட்டுரையைக் காணலாம். பங்களித்தவர்களின் பெயர்கள் அதன் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும்.